வைல்ட் ரைஸ்: பாக்கெட்டில் 15 கிராம் புரதம், அட்டவணையில் 4 கிராம். எது சரி?

வெண்ணிலா:
வணக்கம். வைல்ட் ரைஸ் எனப்படும் காட்டரிசியைப் பற்றிச் சில சந்தேகங்கள். ஒரு பக்கம் 100 கிராமில் 14.7 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறார்கள். இன்னொரு அட்டவணை 4 கிராம் என்கிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? சர்க்கரை நோய் உள்ளவருக்கு வெள்ளையரிசிக்குப் பதில் இதைக் கொடுத்தால் உண்மையில் பலன் உண்டா, அல்லது விலைக்கேற்ற பேச்சு மட்டும்தானா? "வைல்ட் ரைஸ் பிளெண்ட்" என்று விற்கும் கலவைப் பாக்கெட்டிலும் இதே சத்து கிடைக்குமா? கடைசியாக ஒன்று: 40 நிமிடம் வேகவைத்த பிறகும் பாதி மணிகள் கல்போலவே நிற்கின்றன, ஏன்?

உணவியல் செல்வி:
இரண்டு எண்ணும் சரிதான் வெண்ணிலா. 14.7 கிராம் என்பது உலர்ந்த மணிக்கு. 4 கிராம் (துல்லியமாக 3.99) வெந்ததற்கு. நடுவில் சேர்ந்தது தண்ணீர் மட்டுமே. உலர்ந்த காட்டரிசியில் ஈரம் சுமார் 8 சதவீதம். வெந்த பிறகு அது 74 சதவீதம். அதாவது 100 கிராம் உலர் அரிசி வெந்ததும் ஏறக்குறைய 350 கிராம் ஆகிவிடும். 14.7ஐ மூன்றரையால் வகுத்துப் பாருங்கள், 4.2 வருகிறது. கணக்கு ஒத்துப்போகிறது.

இந்தக் குழப்பம் இந்தத் தானியத்தைப் பற்றிய பாதிப் பேச்சுக்கு மூலகாரணம். காட்டரிசியின் உலர் எண்ணை எடுத்து வெந்த வெள்ளைச் சோற்றின் 2.7 கிராமோடு பக்கத்தில் வைத்தால் ஐந்து மடங்கு புரதம் போலத் தெரியும். அப்படி ஒப்பிடவே கூடாது. உலர்ந்ததை உலர்ந்ததோடு, வெந்ததை வெந்ததோடு பாருங்கள்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுப்படி, 50 கிராம் உலர் அரிசி எடுத்தால் கிடைப்பது இது. காட்டரிசியில் ஏறக்குறைய 178 கலோரி, புரதம் 7.4 கிராம், நார்ச்சத்து 3.1 கிராம், துத்தநாகம் 3 மி.கி. தவிடு நீக்காத பழுப்பரிசியில் 183 கலோரி, புரதம் 3.8 கிராம், நார் 1.8 கிராம், துத்தநாகம் 1 மி.கி. அளவு. வெள்ளையரிசியில் 182 கலோரி, புரதம் 3.6 கிராம், நார் 0.6 கிராம், துத்தநாகம் அரை மி.கி. சொச்சம். ஆக, புரதம் இரு மடங்கு, துத்தநாகம் பழுப்பரிசியைப் போல மூன்று மடங்கு. காட்டரிசியின் உண்மையான பலம் இந்த இரண்டும்தான். கலோரியில் வித்தியாசமே இல்லை.

புரதத்தின் தரத்தையும் சொல்ல வேண்டும். தானியப் புரதங்களில் எப்போதும் குறையும் அமினோ அமிலம் லைசின். பெரியவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மி.கி. லைசின் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2007 முதல் வைத்திருக்கும் அளவுகோல். காட்டரிசிப் புரதத்தில் இது 43 மி.கி. வரை வருகிறது. கோதுமையில் 28 பக்கம்தான். குறை முழுக்க நீங்கவில்லை, ஆனால் கொஞ்சம் பருப்போ பயறோ சேர்த்தாலே சமன் ஆகிவிடும்.

இனி, யாரும் விளம்பரத்தில் சொல்லாத பகுதி. பழுப்பரிசி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. வெந்த 100 கிராமில் காட்டரிசியின் தயாமின் (பி1 வைட்டமின்) 0.05 மி.கி., பழுப்பரிசியில் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். மாங்கனீசு காட்டரிசியில் 0.28 மி.கி., பழுப்பரிசியில் 1 மி.கி. அளவு. செலினியத்திலும் பழுப்பரிசியே மேலே. மெக்னீசியம் காட்டரிசியில் 32 மி.கி., பழுப்பரிசியில் 40 பக்கம். வெந்த கிண்ணத்தில் நார்ச்சத்தும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 100 கிராமுக்கு 1.6 முதல் 1.8 கிராம். "எல்லாவற்றிலும் மேல்" என்று எழுதுகிறவர்கள் அட்டவணையை முழுக்கப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வெண்ணிலா:
அருமையான விளக்கம் செல்வி மேடம். அப்படியானால் சர்க்கரை நோய்க்கு? கலோரியில் வித்தியாசம் இல்லை என்றால் மாவுச்சத்திலும் இல்லைதானே?

உணவியல் செல்வி:
நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலர் அரிசியைத் தராசில் நிறுத்து உலையில் போடுகிறவர் என்றால் வித்தியாசம் சொற்பம்: 100 கிராமுக்குக் காட்டரிசியில் 75 கிராம் மாவுச்சத்து, வெள்ளையரிசியில் 80. வெந்த சோற்றைக் கப்பில் அளந்து சாப்பிடுகிறவர் என்றால் கணக்கு மாறும். ஒரு கப் வெந்த காட்டரிசி (164 கிராம்) தருவது 166 கலோரி, 35 கிராம் மாவுச்சத்து, அதில் 3 கிராம் நார். ஒரு கப் வெள்ளைச் சோறு 200 கலோரியைத் தாண்டும், மாவுச்சத்து 45 கிராம். ஒரே கப்புக்குப் பத்து கிராம் மிச்சம். இந்தப் பத்து கிராமில் பெரும்பகுதி காட்டரிசி அதிகம் தண்ணீர் குடிப்பதால் வருவது. அதனால் அது பொய்ப் பலன் ஆகிவிடாது. வயிறு நிறைவது கொள்ளளவால்தான், அதுவும் மென்று தின்ன நேரம் பிடிக்கும் மணி.

கிளைசீமிக் குறியீடு (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதன் எண்) என்று பார்த்தால், கனடாவின் சஸ்காட்செவன் காட்டரிசிக்குப் பன்னாட்டு அட்டவணையில் 57 என்று இருக்கிறது. நடுத்தரம். வெள்ளையரிசியின் பல ரகங்கள் 70ஐத் தாண்டும், ஆனால் அமிலோஸ் என்ற மெதுவாகச் செரிக்கும் மாவுப்பொருள் அதிகமுள்ள சில வெள்ளை ரகங்கள் 57 பக்கமே நிற்கும். அதனால் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முக்கால் கப் வெந்தது, அதாவது 26 கிராம் மாவுச்சத்து, கூடவே காய், பருப்பு என்று தொடங்கி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையை அளந்து பார்ப்பதே சரி. மருந்தோ இன்சுலினோ எடுக்கிறவர் என்றால், மாவுச்சத்து குறையும்போது மருந்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை தாழ்ந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது.

தானியம்:
வேகாத மணி பற்றி நான் சொல்கிறேன்.

காட்டரிசி அறுவடையானதும் ஈரமாக இருக்கும்போதே வறுக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் மாவு பாதி வெந்து, பிறகு கண்ணாடிபோல இறுகிவிடும். மேலே கருந்தோல் வேறு, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. இறுகிய மாவு, நீர் புகாத தோல், இரண்டும் சேர்ந்ததால்தான் இத்தனை நேரம். எந்த அரிசி உங்களிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். பளபளவென்று முழுக் கறுப்பாக இருந்தால் அது வயலில் பயிரிட்டது, 45 முதல் 60 நிமிடம் வேண்டும். 40 நிமிடத்தில் பாதி வேகாமல் இருப்பது இயல்புதான். பழுப்பும் சாம்பல்பச்சையும் கலந்து மங்கலாக இருந்தால் ஏரியில் பறித்து விறகுத்தீயில் வறுத்தது. அது 20 முதல் 30 நிமிடத்திலேயே வெந்துவிடும்.

செய்முறை. 1 கப் (160 கிராம்) அரிசியை இரண்டு முறை குளிர்ந்த நீரில் அலசி, மிதக்கும் உமியைக் கொட்டிவிடுங்கள். 4 கப் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு. கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் தண்ணீர் ஆவியாகித் தீர்ந்துவிடும், மணியின் உள்ளே போகாது. பாதி வெந்து நிற்பதற்கு இதுவே அதிகம் காணும் காரணம். 35ஆவது நிமிடத்தில் ஒரு மணியை எடுத்துப் பாருங்கள். தோல் நீளவாக்கில் பிளந்து உள்ளே வெளிர்நிறம் தெரிய வேண்டும். பானையில் பாதி முதல் முக்கால் பங்கு மணிகள் இப்படிப் பிளந்ததும் அடுப்பை அணைத்து, மிச்ச நீரை வடித்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தச் சூட்டிலேயே மீதி மணிகளும் திறக்கும்.

எல்லா மணியும் பிளந்து, இரு பக்கமும் வெளிநோக்கிச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். சோறு குழைந்து, அந்த வறுத்த வாசனையும் நீரோடு போய்விடும். மறுபுறம், பிளக்காத மணியை அப்படியே விழுங்கினால் செரிக்காமல் வெளியேறும். அதில் 14 கிராம் புரதம் இருந்தும் யாருக்கு என்ன?

இரவு ஊறவைத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சமாகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவையுங்கள். பிரஷர் குக்கரில் கறுப்பு ரகத்துக்கு 1க்கு 3 தண்ணீர், அழுத்தம் ஏறிய பின் 25 நிமிடம், அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்காதீர்கள்.

வெள்ளையரிசியோடு ஒரே பானையில் போடாதீர்கள். வெள்ளையரிசி 15 நிமிடத்தில் வெந்து, காட்டரிசி வேகும்போது கஞ்சியாகியிருக்கும். தனித்தனியாக வேகவைத்துக் கடைசியில் கலப்பதே நல்லது.

மருதன்:
கலவைப் பாக்கெட்டைப் பற்றி. பின்பக்கத்துப் பொருள்பட்டியலைப் படியுங்கள், எடையில் அதிகமானது முதலில் வரும். பெரும்பாலும் முதலில் இருப்பது புழுங்கிய வெள்ளையரிசியோ பழுப்பரிசியோதான். காட்டரிசி கடைசியில், அழகுக்குக் கறுப்புக் கோடுகள்போல. ஒரு கணக்கு: 85 பங்கு வெள்ளையரிசி, 15 பங்கு காட்டரிசி என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த 100 கிராம் கலவையில் புரதம் 8.2 கிராம்தான். வெறும் வெள்ளையரிசியில் 7.1. இந்த ஒரு கிராமுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். தனிக் காட்டரிசி வாங்கி நீங்களே பாதிக்குப் பாதி கலந்தால் 10.9 கிராம் வரும், தனிக் காட்டரிசியைவிட விலையும் குறையும்.

மசாலாத் தூளோடு வரும் கலவையில் உப்பைப் பாருங்கள். தனிக் காட்டரிசியில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம், வெந்த 100 கிராமில் 3 மி.கி. ஆனால் மசாலா உறை சேர்ந்தால் ஒரு வேளைக்குச் சில நூறு மி.கி. ஏறிவிடும். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவர்களும் கவனிக்க வேண்டும். காட்டரிசியில் குளூட்டன் கிடையாது, அந்த மசாலா உறையில் கோதுமை மாவு இருக்கலாம், சில கலவைகளில் பார்லியே இருக்கும்.

எது காட்டரிசி என்பதிலும் குழப்பம் வேண்டாம். இது ஜிசானியா என்ற நீர்ப்புல்லின் விதை. நாம் சாப்பிடும் நெல் ஒரைசா இனம், இரண்டும் ஒரே குலத்துத் தூரத்துச் சொந்தம். கறுப்பரிசி வேறு, அது ஒரைசா நெல்லேதான், ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. காட்டரிசியின் கறுப்போ பெரும்பாலும் பதப்படுத்தும்போது ஏறுவது. அதனால் கறுப்பரிசியைப் பற்றிச் சொல்லும் ஆந்தோசயனின் நன்மைகளை இதன் தலையில் கட்டக்கூடாது. "வெள்ளையரிசியைவிட 30 மடங்கு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு" என்று பரவுகிறதே, அது ஆய்வகக் குடுவையில் அளந்தது. உடம்புக்குள் 30 மடங்கு பலன் என்று அதற்குப் பொருள் இல்லை.

விற்பனையில் இருப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவின் மினசோட்டாவிலும் கலிபோர்னியாவிலும் வரப்புக் கட்டிய வயல்களில் பயிராவது. மினசோட்டாவில் விற்கும் அரிசி இப்படிப் பயிரிட்டது என்றால் உறையில் அதைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஏரியில் தானாக விளைவதை வட அமெரிக்கப் பழங்குடியினரான ஓஜிப்வே மக்கள் மனோமின் என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் தோணியில் போய், ஒரு கோலால் கதிரை வளைத்து இன்னொரு கோலால் மெல்லத் தட்டுவார்கள். முற்றிய மணி மட்டும் தோணிக்குள் உதிரும், முற்றாதது கதிரிலேயே நிற்கும், கொஞ்சம் நீரில் விழுந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகும். பிறகு இரும்புக் கொப்பரையில் வறுத்து, மிதித்து உமி நீக்கி, புடைத்தெடுப்பார்கள். சுவையிலும் வேகும் நேரத்திலும் இது தனி ரகம். அந்த மக்களின் கையால் பறித்த அரிசிக்குக் கொடுக்கும் விலை நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் புரதமும் துத்தநாகமும் இதில் அதிகம் என்று நினைத்து வாங்க வேண்டாம், சத்தில் வயல் அரிசிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எதிர்பார்க்க முடியாது.

வெண்ணிலா:
மருதன் சார், தானியம் சார், இருவருக்கும் நன்றி. இன்னும் மூன்று கேள்வி. ஒமேகா-3 இருப்பதாகவும் படித்தேன், உண்மையா? வேகவைத்து வடித்தால் சத்தெல்லாம் நீரோடு போய்விடாதா? சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இதையே சமைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

உணவியல் செல்வி:
ஒமேகா-3 உண்மைதான், ஆனால் அளவைப் பாருங்கள். காட்டரிசியின் மொத்தக் கொழுப்பே 1 சதவீதம். அதில் ஒமேகா-3 வகையான ஆல்பா லினோலெனிக் அமிலத்தின் விகிதம் தானியங்களில் அபூர்வமாக உயர்ந்தது: உலர்ந்த 100 கிராமில் 0.30 கிராம், ஒமேகா-6 0.38 கிராம். வெந்த ஒரு கப்புக்கு இது 0.15 கிராம் பக்கம் வரும். ஒரு நாளைக்குப் பெண்களுக்கு 1.1, ஆண்களுக்கு 1.6 கிராம் தேவை. பத்தில் ஒரு பங்கு கிடைக்கும், இதை நம்பி மற்றதை விட்டுவிட முடியாது.

வடிப்பதால் போவது பி வைட்டமின்களும் பொட்டாசியமும் ஓரளவு மெக்னீசியமும். புரதமும் நாரும் மணியிலேயே தங்கும். உலர் எண்ணை மூன்றரையால் வகுத்தால் மெக்னீசியம் 50 மி.கி. வர வேண்டும், வெந்ததன் அட்டவணையில் 32தான் இருக்கிறது. பாஸ்பரஸும் 123க்குப் பதில் 82. ஃபோலேட் என்ற பி வைட்டமின் மட்டும் ஏறக்குறைய அப்படியே, 26 மைக்ரோகிராம். நீரை அளந்து ஊற்றி முழுக்க வற்றவைத்தால் இழப்பு குறையும். வடித்த நீர் பழுப்பாக, நல்ல வாசனையாக இருக்கும், சூப்புக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

ஆனால் வடிப்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நெல்லைப்போல இதுவும் நீருக்கடியில் வேரூன்றும் புல், அடிச்சேற்றில் ஆர்செனிக், ஈயம் போன்ற நச்சுப்பொருள் இருந்தால் மணிக்கு ஏற்றிக்கொள்ளும். அரிசியை ஆறு முதல் பத்து மடங்கு நீரில் வேகவைத்து வடித்தால் கனிம ஆர்செனிக் பாதியளவு குறைகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. வாரம் ஒன்றிரண்டு முறை சாப்பிடுகிறவர்கள் வற்றவைத்தே சமைக்கலாம். தினமும் என்றால், அதிலும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்றால், வடிப்பது நல்லது. அப்போது முன் சொன்ன சூப்பு வேண்டாம், நீரைக் கொட்டிவிடுங்கள். அதைவிட நல்லது, தானியத்தை மாற்றி மாற்றிச் சமைப்பது.

சிறுநீரகத்துக்கு: வெந்த 100 கிராமில் பொட்டாசியம் 101 மி.கி., பாஸ்பரஸ் 82 மி.கி. வெள்ளைச் சோற்றில் இரண்டும் 35 முதல் 45க்குள். இரண்டு முதல் மூன்று மடங்கு. இதில் பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற தானியச் சேர்மத்தோடு பிணைந்திருப்பதால் முழுதும் உடம்பில் சேராது, என்றாலும் கட்டுப்பாட்டில் இருப்பவர் தன் உணவியலாளரிடம் கேட்காமல் மாற்றக்கூடாது. புரதக் கட்டுப்பாடு உள்ளவருக்கும் அப்படியே.

அதே ஃபைட்டேட்தான் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும். ஒரு கப்பில் 2.2 மி.கி. என்பது பெண்களின் தினத்தேவை 8 மி.கி.யில் கால்பங்குக்கு மேல், ஆண்களின் 11 மி.கி.யில் ஐந்தில் ஒன்று. ஆனால் அத்தனையும் உறிஞ்சப்படாது. பால், முட்டை, மீன் என்று ஏதாவது விலங்குப் புரதம் கூட இருந்தால் உறிஞ்சுவது மேம்படும். இரும்பு ஒரு கப்புக்கு 1 மி.கி.தான், அதற்கு எலுமிச்சை பிழிந்துகொள்வது உதவும்.

தானியம்:
செல்வி மேடம் சொன்னதோடு ஒன்று. "வேகவைக்காமல் மூன்று நாள் ஊறவைத்து முளைகட்டினால் சத்து கூடும்" என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். வறுத்த மணி உயிரில்லாதது, முளைக்காது. ஊறி ஊறித் தோல் பிளந்து விரிவதைத்தான் முளை என்கிறார்கள். அறைச் சூட்டில் மூன்று நாள் ஊறும்போது வளர்வது கிருமிகள்தான். வேகவைத்தே சாப்பிடுங்கள்.

வெந்ததை வைப்பதிலும் கவனம் வேண்டும். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சு விடும், மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். நான்கு நாள் வரை தாங்கும். வேக இத்தனை நேரம் பிடிப்பதால் ஒரேயடியாக 2 கப் வேகவைத்து, ஒரு கப் ஒரு கப்பாகப் பிரித்து உறையவைப்பது வசதி. காட்டரிசி உறைந்து உருகினாலும் வெள்ளைச் சோறுபோல வறண்டு கட்டியாகாது, மணி மணியாகவே இருக்கும். சூட்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடிவைத்தால் போதும்.

வெண்ணிலா:
என்னிடம் இருப்பது முழுக் கறுப்பு ரகம். அப்படியானால் 160 கிராமுக்கு 4 கப் நீர், சிறுதீயில் 50 நிமிடம், பிறகு மூடிவைத்துப் பத்து நிமிடம். சரிதானே?

தானியம்:
சரி. நிமிடத்தைவிடப் பிளந்த மணியைப் பாருங்கள். 50இல் பாதிகூடப் பிளக்காமல் நீர் வற்றியிருந்தால் அரைக் கப் வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம், கொதி அடங்கி நேரம் இன்னும் இழுக்கும்.